எந்த ஆழத்து நீரைக் குடிப்பது?

நியூயார்க் நகரத்துக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டப்படாதது. நகரத்திலும் வழியில் உள்ள ஊர்களிலுமாக ஏறத்தாழ 90 லட்சம் பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி லிட்டர் நீர் போகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கேட்ஸ்கில் மலைப்பகுதியிலும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலும் உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. சில தேக்கங்கள் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. அங்கிருந்து வரும் நீர் பெரும்பாலும் நிலத்தின் சாய்வுப் போக்கிலேயே, பம்பு உதவியில்லாமல் நகரத்தை அடைகிறது. வழியில் குளோரின் சேர்க்கிறார்கள், புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். மணல் வடிகட்டி மட்டும் கிடையாது.

இதில் அலட்சியம் எதுவும் இல்லை. ஆறு, ஏரி நீரைக் குடிநீராக வழங்கும் ஊர்கள் அதை வடிகட்ட வேண்டும் என்று 1989-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதி வகுத்தது. மூலநீரே போதிய தூய்மையோடு இருக்கிறது என்று தொடர்ந்து நிரூபித்துக் காட்டும் ஊர்களுக்கு மட்டும் விலக்கு. நியூயார்க்குக்கு வேண்டிய வடிகட்டும் ஆலையைக் கட்ட 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அதைவிட நீர் பிறக்கும் மலையைக் காப்பது மலிவு என்று நகரம் முடிவு செய்தது. 1997-ல் மலையூர்களோடும் மாநில, மத்திய அரசுகளோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிலம் வாங்குவது, பண்ணைக் கழிவு ஓடையில் கலக்காமல் தடுப்பது, மலையூர்களின் கழிவுநீர் நிலையங்களைச் சீராக்குவது என நகரம் அங்கே செலவிடத் தொடங்கியது.

இந்த விலக்கு நீடிக்க வேண்டுமானால் நீர் பல சோதனைகளில் தேற வேண்டும். அவற்றில் அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்றுதான்: கிருமிநீக்கத்துக்குப் போகும் நீரின் கலங்கல் 5 அலகுகளைத் தாண்டக் கூடாது.

கலங்கலை அளக்க நீருக்குள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, பக்கவாட்டில் எவ்வளவு ஒளி சிதறுகிறது என்று பார்ப்பார்கள். மிதக்கும் துகள் கூடினால் சிதறலும் கூடும். 5 அலகு என்பது கண்ணாடிக் குவளையில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் மங்கல். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை வெறும் களிமண். குடித்தால் கெடுதல் ஒன்றும் செய்யாது. ஆனால் கிருமிகள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு பதுங்கிவிடும். குளோரின் அவற்றை எட்டாது, புற ஊதாக் கதிருக்கும் துகளின் நிழல் குறுக்கே நிற்கும். வடிகட்டி இல்லாத ஊரில் இந்த இரண்டும்தான் காவல். இரண்டையுமே கலங்கல் வலுவிழக்கச் செய்துவிடும்.

ஒரு துகள், பத்து மீட்டர்

கேட்ஸ்கில் மலையில் கலங்கலுக்குக் குறைவில்லை. பனியுகத்தில் பனிப்பாறைகள் மறித்து உண்டாக்கிய ஏரிகளின் அடியில் மிக நுண்ணிய களிமண் படிந்தது. பனி உருகி ஏரிகள் மறைந்த பிறகும் அந்தக் களிமண் ஓடைகளின் கரையிலும் படுகையிலும் அப்படியே இருக்கிறது. மழை கனத்து ஓடை தன் படுகையை அரிக்கும்போது அது கரைந்து செந்நிறமாக ஓடிவரும். அதை வாங்கிக்கொள்ளும் இடம் ஈசோபஸ் ஓடைக்குக் குறுக்கே கட்டப்பட்டு, 1915-ல் பயன்பாட்டுக்கு வந்த அஷோகன் நீர்த்தேக்கம். கொள்ளளவு ஏறக்குறைய 16 டிஎம்சி.

தேக்கம் பெரியதாயிற்றே, சேறு அடியில் படிந்துவிடாதா என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அசையாத நீரில் ஒரு சிறு துகள் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு ஸ்டோக்ஸ் விதி இருக்கிறது. துகளின் விட்டம் பாதியானால் வேகம் கால்பங்காகும் என்பது அதன் சாரம். 10 மைக்ரான் விட்டமுள்ள வண்டல் துகள் ஒரு நாளில் ஏழெட்டு மீட்டர் இறங்கிவிடும். 1 மைக்ரான் களிமண் துகள் அதே நாளில் இறங்குவது சுமார் 8 சென்டிமீட்டர். பத்து மீட்டர் ஆழம் இறங்க அதற்கு நான்கு மாதம் ஆகும். இதுவும் 20 டிகிரி நீரில்தான். 4 டிகிரிக்குக் குளிர்ந்த நீர் இன்னும் பிசுபிசுப்பானது என்பதால் வேகம் மேலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காற்றும் அலையும் நீரைக் கலக்கிவிடுவதைச் சேர்த்தால் இன்னும் தாமதம்.

அஷோகனைக் கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. தேக்கத்தை நடுவில் ஒரு தடுப்பால் மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரித்தார்கள். ஓடை மேற்குப் பகுதியில் விழும். அங்கே முடிந்தவரை தெளிந்த பிறகுதான் நீர் கிழக்குப் பகுதிக்கு வழியும். இரண்டில் எதிலிருந்தும், வெவ்வேறு ஆழங்களிலிருந்தும் நீரை எடுக்க மதகுகள் உண்டு. அங்கிருந்து நீர் கேட்ஸ்கில் கால்வாய் வழியாக, நகரத்துக்குச் சற்று வடக்கே உள்ள கென்சிகோ என்னும் சிறிய தேக்கத்தை அடைகிறது. டெலவேர் பக்கத்து நீரும் வந்து கலப்பது அங்கேதான். 5 அலகு வரம்பும் கென்சிகோவை விட்டு வெளியேறும் நீருக்குத்தான்.

கலங்கல் நீர் கென்சிகோவை நெருங்கினால் கடைசி ஆயுதம் படிகாரம். மண்பானைக்குள் தேற்றான்கொட்டையை உரசி ஆற்றுநீரைத் தெளியவைத்த வீடுகளில் நடந்த அதே வேலையைத்தான் அது கால்வாயில் செய்கிறது. தனித்தனியே மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்கி அடியில் வீழ்த்துகிறது. ஆனால் வீழ்ந்த படிவு முழுக்கக் கென்சிகோவின் அடியில்தான் சேரும். ஒருநாள் அதைத் தூர்வார வேண்டும். அடியில் வாழும் உயிரினங்களையும் அது மூடிவிடும். ஆகவே படிகாரம் போடும் நாட்களை எவ்வளவு குறைக்கலாம் என்பதே நியூயார்க் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகத் தீர்க்க முயலும் கேள்வி. கணினி மாதிரி அங்கு நுழைந்ததும் அதற்காகத்தான்.

சேறு போகும் அடுக்கு

கோடையில் ஆழமான தேக்கம் ஒரே நீர்த்திரளாக இருப்பதில்லை. மேலே வெயிலில் சூடான, லேசான நீர். கீழே குளிர்ந்த, கனத்த நீர். இடையில் வெப்பம் சட்டென்று இறங்கும் மெல்லிய பகுதி. 10 டிகிரி நீருக்கும் 20 டிகிரி நீருக்கும் எடை வித்தியாசம் லிட்டருக்கு ஒன்றரை கிராம்தான். அந்தச் சிறு வித்தியாசமே மேல்நீரும் கீழ்நீரும் கலக்காமல் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தப் போதும்.

இந்த நிலையில் புயல்மழை பெய்து 14 டிகிரிக் கலங்கல் நீர் தேக்கத்தில் விழுவதாகக் கொள்வோம். மேல்நீரைவிட அது கனமானது, ஆகவே மூழ்கும். அடிநீரைவிட லேசானது, ஆகவே அடிவரை போகாது. தனக்கு நிகரான எடையுள்ள ஆழம் வந்ததும் அங்கே கிடைமட்டமாகப் பரவத் தொடங்கும். லிட்டருக்கு ஒரு கிராம் மண் கலந்திருந்தால் நீரின் எடை ஏறக்குறைய 0.6 கிராம் கூடும். அது பரவும் ஆழமும் அதற்கேற்பக் கீழே போகும். மேற்பரப்பு கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதே பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் ஒரு சேற்று அடுக்கு மதகை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கலாம். கரையில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. எந்த ஆழத்து மதகைத் திறப்பது என்ற கேள்விக்கு மழையின் அளவு மட்டும் விடை தராது. ஓடைநீரின் வெப்பம், அதிலுள்ள மண், தேக்கத்தின் அன்றைய அடுக்குநிலை எல்லாம் தெரிய வேண்டும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்ததும் அடுக்குகள் கலைந்து தேக்கம் முழுதும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு எந்த ஆழத்து மதகைத் திறந்தாலும் அதே நீர்தான்.

இந்த இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டுவதுதான் நீர்த்தர மாதிரி. நியூயார்க் பயன்படுத்துவது சிஇ-குவால்-டபிள்யூ2 என்னும் மாதிரி. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகத்தில் வளர்ந்து, இப்போது போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருப்பது. அது தேக்கத்தை நீளவாக்கில் துண்டுகளாகவும் ஆழவாக்கில் அடுக்குகளாகவும் வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நீர், வெப்பம், துகள் ஆகிய மூன்றுக்கும் வரவு செலவு பார்க்கிறது. பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்தது எவ்வளவு, வெயில் கொடுத்த வெப்பம் எவ்வளவு, காற்று கலக்கியது எவ்வளவு, அடியில் படிந்தது எவ்வளவு? சில நிமிடங்கள் நகர்த்தி மறுபடியும் அதே கணக்கு. துகள்களையும் ஒரே மாதிரியாகப் பார்க்காமல் அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இறங்குவேகம் கொடுக்கிறார்கள். கரைக்குக் கரை, அகலவாக்கில் நீர் ஒரே தன்மையோடு இருக்கும் என்று மட்டும் மாதிரி எடுத்துக்கொள்கிறது. குறுகி நீண்ட மலைத்தேக்கத்துக்கு அது பொருந்தும். வட்டமான, ஆழமில்லாத ஏரிக்குப் பொருந்தாது.

நீரின் தரத்தைச் சமன்பாட்டால் கணிக்கும் முயற்சி கணினிக்கு முந்தியது. கழிவு கலந்த ஒஹையோ ஆற்றில் கரைந்துள்ள ஆக்சிஜன் எங்கே எவ்வளவு குறையும் என்று ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் இருவரும் 1925-லேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்ணும் வேகம் ஒன்று, காற்றிலிருந்து அது மீண்டும் கரையும் வேகம் இன்னொன்று. இந்த இரண்டை மட்டும் வைத்துக் காகிதத்தில் போட்ட கணக்கு அது. இன்றைய மாதிரிகளில் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அடிப்படை அதே வரவு செலவுதான்.

ஒரு மாதிரியை நம்பலாமா என்பதற்கும் சோதனை உண்டு. சில ஆண்டுகளின் உண்மை அளவீடுகளை வைத்து, காற்றின் இழுப்பு, ஒளி ஊடுருவல் போன்ற எண்களைத் திருத்தி மாதிரியைப் படியவைப்பார்கள். பிறகு அது பார்த்திராத வேறொரு ஆண்டைக் கொடுத்து, தேக்கத்தில் நடந்ததைச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் தேர்வில் மட்டும் தேறியது விடைத்தாளை மனப்பாடம் செய்திருக்கலாம். இரண்டாவதிலும் தேறினால்தான் அதற்கு இயற்பியல் தெரியும் என்று ஒப்புக்கொள்ளலாம்.

ஒரு விடைக்குப் பதில் ஐம்பது

தேக்கத்தின் இயற்பியலை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும், அடுத்த வாரம் எவ்வளவு மழை பெய்யும் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த நிச்சயமின்மையை ஒளிக்காமல், அதையே கணக்கின் உள்ளீடாகச் சேர்த்துக்கொண்டதுதான் நியூயார்க்கின் முக்கியமான நகர்வு. 2010-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஓஎஸ்டி என்னும் இயக்க உதவிக் கருவி இரண்டு மாதிரிகளைக் கோக்கிறது. எந்தத் தேக்கத்தில் எவ்வளவு நீர், எங்கே எவ்வளவு தேவை என்று பார்க்கும் நீர்ப்பங்கீட்டு மாதிரி ஒன்று. கலங்கலைக் கணிக்கும் மாதிரி மற்றொன்று. இதற்குத் தேசிய வானிலைச் சேவை கொடுப்பது ஒரே முன்கணிப்பு அல்ல; சாத்தியமான வரத்துகளின் தொகுப்பு.

திரையில் அது எப்படித் தெரியும்? உதாரணத்துக்கு, ஐம்பது சாத்தியங்களுக்கும் தனித்தனியே மாதிரியை ஓட்டி, கென்சிகோவின் கலங்கலை ஐம்பது கோடுகளாக வரைகிறார்கள் என்று கொள்வோம். இப்போது போலவே நீர் எடுத்தால் இருபது கோடுகள் 5 அலகைத் தாண்டுகின்றன. கேட்ஸ்கில் நீரைப் பாதியாகக் குறைத்து அந்த அளவை டெலவேர் பக்கத்திலிருந்து எடுத்தால் மூன்றே கோடுகள்தான் தாண்டுகின்றன. புயலுக்கு முன்பே அஷோகனின் மேற்குப் பகுதியில் நீர்மட்டத்தை இறக்கி வைத்தால், வரும் சேற்றுநீரை அங்கேயே பிடித்து வைக்கலாம். கிழக்குப் பகுதி தப்பும். இப்படி ஒவ்வொரு வழியையும் தேக்கத்தில் செய்யாமல் திரையில் செய்து பார்க்க முடிகிறது.

ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. மேற்குப் பகுதியைக் காலி செய்து வைத்த பிறகு எதிர்பார்த்த மழை பெய்யாவிட்டால், தேக்கங்கள் எல்லாம் ஜூன் 1-க்குள் நிரம்ப வேண்டும் என்ற நகரத்தின் இலக்கு தவறிக் கோடையில் பற்றாக்குறை வரலாம். டெலவேர் நீரை இப்போதே அதிகம் எடுத்துவிட்டால் வறட்சிக்குக் கையிருப்பு குறையும். தரத்தையும் அளவையும் தனித்தனி அலுவலகங்கள் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த முரண்பாடு கண்ணில் பட்டதே தாமதமாகத்தான். கலங்கல் தாண்டும் வாய்ப்பும் தேக்கம் நிரம்பாத வாய்ப்பும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வருவதுதான் இந்தக் கருவியின் பெரிய பயன். தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த நிபுணர் குழு 2018-ல் இதை ஆராய்ந்து, இவ்வகைக் கருவிகளில் உலகிலேயே மிக முன்னேறியவற்றுள் ஒன்று என்று மதிப்பிட்டது.

கணக்கு நிற்கும் இடம்

மாதிரிக்கு எல்லை இல்லாமல் இல்லை. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் கேட்ஸ்கில் மலையைத் தாக்கியபோது, அஷோகனுக்குள் நுழையும் இடத்துக்கு அருகே ஈசோபஸ் ஓடையில் விநாடிக்கு 75,000 கனஅடிக்கு மேல் நீர் பாய்ந்தது. அங்குள்ள அளவுமானி அதுவரை காணாத வெள்ளம். பத்தே நாளில் லீ புயலின் எச்சம் மறுபடி கொட்டியது. படிகாரம் போடுவது மாதக்கணக்கில் நீடித்து அடுத்த ஆண்டின் வசந்தம் வரை போயிற்று. அப்படிப்பட்ட வெள்ளத்தில் எந்த மதகை எப்போது திறந்தாலும் சேறு சேறுதான். தெரிவு செய்ய வழிகள் மிச்சமிருக்கும் நடுத்தர மழைகளில்தான் மாதிரி தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. அத்தகைய மழைகளே எண்ணிக்கையில் அதிகம்.

இன்னொரு எல்லை இயற்பியலுக்கு வெளியே இருக்கிறது. 2010 இலையுதிர் காலத்தில், அஷோகனின் கலங்கல் நீரை நகரத்துக்கு அனுப்பாமல் ஒரு பழைய வடிகால் வழியாக ஈசோபஸ் ஓடையின் கீழ்ப்பகுதியில் திறந்துவிட்டார்கள். நகரத்தின் கணக்கில் அது சரியான வழி. கீழே ஓடைக்கரையில் இருந்தவர்களுக்கு மீன்பிடிக்கவும் குளிக்கவும் இருந்த தெளிந்த நீர் வாரக்கணக்கில் சேறாகிப்போனது. அவர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் மாநிலச் சுற்றுச்சூழல் துறை வரை போய், வடிகாலைத் திறக்க விதிகளும் கண்காணிப்பும் வந்தன. எவ்வளவு சேறு எங்கே போகும் என்று மாதிரி முன்கூட்டியே சொல்லியிருக்கும். அதை யார் தாங்குவது என்பது எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. அந்தக் கேள்வியைக் கணினித்திரைக்குப் பின்னால் மறைத்துவிட முடியாது என்பதே அந்தச் சண்டை சொன்ன பாடம். இப்போது கீழ் ஓடையின் நிலையும் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டது.

மாதிரி சொன்னபடி திட்டமிட்டாலும் வானம் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். டெலவேர் கால்வாயில் பல்லாண்டுகளாக நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் கசிந்துகொண்டிருந்த இடத்தைச் சரிசெய்ய, 2024 அக்டோபரில் கால்வாயை மூடினார்கள். நகரத்தின் நீரில் பாதியளவு அதன் வழியேதான் வரும். குளிர்காலமும் வசந்தமும் கேட்ஸ்கில் நீரையும், வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுக்கும் குரோட்டன் தேக்கங்களின் நீரையும் நம்பி ஓட்டிவிடலாம் என்பது நெடுங்காலத் திட்டம். கேட்ஸ்கில் கலங்கினால் மாற்று இல்லை என்பதால், மூடுவதற்கு ஏற்ற காலம் எது என்பதே பெரிய கணக்கு. அந்த இலையுதிர் காலத்தில் மழையே பெய்யவில்லை. நவம்பரில் வறட்சி எச்சரிக்கை விடுத்து, வேலையை நிறுத்திக் கால்வாயை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. எப்போது பின்வாங்குவது என்று நாள் கடக்கும் முன்பே தெரிந்துகொள்வதும் முன்கணிப்பின் வேலைதான்.

வேறு நகரங்களில் பிரச்சினை வேறாக இருக்கலாம். நீலப்பச்சைப் பாசி, அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணிலிருந்து கரைந்து வரும் மாங்கனீசு, குளோரினோடு சேர்ந்து தீங்கான சேர்மங்களாக மாறும் கரிமப் பொருட்கள் என்று ஒவ்வொரு தேக்கத்துக்கும் ஒரு நோய். அவற்றுக்கும் சமன்பாடுகள் உண்டு. நியூயார்க் பயன்படுத்தும் அதே தேக்க மாதிரியை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒரு சாதாரண கணினியில் அது ஓடும்.

காசு கேட்பது வேறொன்று. நியூயார்க்கின் தேக்கங்களில் தானியங்கி மிதவைகள் நிற்கின்றன. அவை தம் உணரியைக் கம்பியில் கட்டி மேலிருந்து அடிவரை இறக்கி ஏற்றி, ஒவ்வொரு ஆழத்திலும் வெப்பத்தையும் கலங்கலையும் அளந்து அனுப்புகின்றன. ஓடைகளில் அளவுமானிகள் இரவுபகலாக ஓடுகின்றன. பல பத்தாண்டுகளாக ஆட்கள் படகில் போய் நீர் மொண்டு வந்து சோதித்த பதிவேடுகள் இருக்கின்றன. இவை இல்லாவிட்டால் மாதிரியைப் படியவைக்கவும் முடியாது, அது தவறும்போது கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு தேக்கத்தைக் கணினியால் காக்க விரும்பும் ஊர் முதலில் வாங்க வேண்டியது கணினி அல்ல. அடிவரை எட்டும் வெப்பமானிச் சரமும், மழையானாலும் விடுமுறையானாலும் அதைப் படித்துப் பதிவுசெய்யச் சம்பளம் வாங்கும் ஓர் ஆளும் வேண்டும். அந்தப் பதிவேடு சில ஆண்டுகள் சேர்ந்த பிறகு, எந்த ஆழத்து நீரைக் குடிக்கலாம் என்று சொல்லும் மாதிரியை எழுதிக்கொள்வது அவ்வளவு கடினமல்ல.